பதினாலாம் சேனலும் படகில் ஏறிய முத்தமிழும்

உங்கள் வீட்டு வைஃபை பெட்டி எந்தச் சேனலில் பேசுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எந்த நாட்டு விதிப்படி பேசுகிறது என்றாவது தெரியுமா? தெரியாது. பெட்டியை மாட்டியவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நம்பிவிட்டீர்கள். நம்பியது குற்றமில்லை. மாட்டியவரும் வேறு ஒருவரை நம்பியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் முத்தமிழின் கதையைச் சொல்கிறேன்.

முத்தமிழுக்கு முப்பத்தொன்பது வயது. திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவள். கிராமத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவள்மேல் இன்னொரு குற்றச்சாட்டு விழும். அப்பா கடலுக்குப் போனார், அம்மா மீன் விற்றார். அவள் காரைக்கால் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மீன் வாசனை என்று பின் பெஞ்சில் மூக்கைப் பிடித்தவர்களுக்கு நடுவே, "எனக்கும் அதே வாசனைதான், இங்க ஒக்காரு" என்று இடம் விட்டவன் அவள் ஊர்க்காரன் பஞ்சநாதன். இரண்டு வருடம் இருவரும் ஒரே மேசையில் சால்டரிங் செய்தார்கள். பதிவேட்டில் அவன் எழுத விட்டதை அவள் எழுதினாள், அவள் வரையத் தடுமாறியதை அவன் வரைந்தான். ஒருவர் கையெழுத்து இன்னொருவருக்குத் தூக்கத்திலும் அடையாளம் தெரியும்.

துறைமுகச் சாலையில் எட்டுக்குப் பத்தடி அறை ஒன்றில் முத்தமிழ் கடை போட்டாள். முன்பக்கம் போன் உறைகள் தொங்கும், பின்பக்கம்தான் வேலை. வயர்லெஸ் செட், ஆழம் காட்டும் கருவி, மானியத்தில் வந்த செயற்கைக்கோள் பெட்டி என்று உப்புக்காற்று தின்ற எதையும் பழைய பல்துலக்கியும் தின்னரும் வைத்துச் சுத்தம் செய்து உயிர்ப்பித்துக் கொடுப்பாள். செயற்கைக்கோள் பெட்டி என்பது கையகல நீளப் பெட்டி, சின்னத் திரை, மேலே குமிழ் போன்ற ஆன்டெனா. போன் சிக்னல் எட்டாத கடலில் புயல் எச்சரிக்கை அதற்குள்தான் வந்து விழும். திரையில் நான்கு கோடுகள் நின்றால் வானத்தோடு தொடர்பு இருக்கிறது என்று பொருள்.

ஒரு விஷயம் மட்டும் அவளால் முடியாது. அந்த ஊரில் பெண் படகில் ஏறக்கூடாது. பழுதான கருவியைக் கழற்றி ஆண்கள் கரைக்குக் கொண்டுவருவார்கள். அவள் சரிசெய்து கொடுப்பாள். மறுபடி படகில் பொருத்துவதும் ஆண்கள்தான். ஒருமுறை படகு உரிமையாளர் ஒருவர் கேலியாக, "நீ ஏறுனா மீன் படாது முத்தமிழு" என்றார்.

"போன வாரம் வெறும் ஐஸோட திரும்பி வந்தீங்களே மாமா, அன்னக்கி யாரு ஏறுனது?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். விதி மட்டும் அப்படியே இருந்தது. சிரித்துக்கொண்டே காப்பாற்றப்படும் அநியாயங்களுக்கு ஆயுள் அதிகம்.

போன வருடம் ஜூலையில் பஞ்சநாதன் கடைக்கு வந்தான். இப்போது அவன் ஒரு தனியார் வைஃபை கம்பெனியின் பகுதி மேலாளர். காரைக்கால் டவுனில் வீடு, கழுத்தில் அடையாள அட்டை. திட்டத்தைச் சொன்னான். கரையில் ஒரு கோபுரம், ஒவ்வொரு படகிலும் ஒரு வைஃபை பெட்டி. படகுக்குப் படகு தாவி வலை போல அலை நீளும். கடலில் இருந்தபடியே வீட்டோடு முகம் பார்த்துப் பேசலாம், ஏலத்தில் இன்று என்ன விலை என்று தெரிந்துகொண்டு கரைக்கு வரலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நல்ல திட்டமும்கூட, ஒழுங்காகச் செய்திருந்தால்.

பெட்டிகளை அமைத்துத் தரும் வேலை முத்தமிழுக்கு. முதல் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததும் அவள் கேட்டாள்.

"ஏன் பஞ்சு, நாடுங்கிற எடத்துல ஜப்பான்னு போட்டிருக்கு?"

"அப்பத்தான் பதினாலாம் சேனல் தெறக்கும். ஒண்ணு, ஆறு, பதினொண்ணுல எல்லாம் துறைமுகமே நெருக்கியடிச்சிட்டுக் கெடக்கு. பதினாலுல ஒரு ஈ காக்கா இல்ல. காலி."

"காலியா இருந்தா மத்தவங்க ஏன் போகல?"

"எல்லாரும் ஒன்ன மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க, அதான். நம்ம படகுக்கு ஜப்பான் பாஸ்போர்ட்டுன்னு நெனச்சுக்க."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை தன்னால் மன்னிக்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படிவம். "படகில் பொருத்தி, இயக்கி, சரிபார்த்தேன்" என்ற வரியின் கீழே கையெழுத்து.

"பொருத்துறது நான் இல்லியே. நான் படகுல ஏறவே மாட்டேனே."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. எனக்காகப் போடு."

இருபத்துமூன்று படகுகள், இருபத்துமூன்று கையெழுத்துகள். கடை மேசையில் வைஃபை பெட்டியைத் தனியாகச் சோதித்தாள், வேலை செய்தது. செயற்கைக்கோள் பெட்டிகளைக் கடைக்குப் பின்னே வெயிலில் வைத்துத் தனியாகச் சோதித்தாள். நான்கு கோடும் நின்றன. இரண்டும் படகில் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கும் ஒரே இரும்புக் கம்பத்தில், ஒரு சாண் இடைவெளியில், இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று அந்தக் 'காலி' என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். அலைவரிசைகளை யாரும் உற்பத்தி செய்வதில்லை, இருப்பதைப் பங்குபோட்டுக்கொள்கிறோம். சாதாரண வைஃபைக்கு நம் நாட்டில் 2400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2483.5 வரை இடம் விட்டிருக்கிறார்கள். உரிமம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். நிபந்தனை உண்டு: குறைந்த சக்தியில் பேச வேண்டும், பக்கத்து வீட்டைக் கெடுக்கக் கூடாது. அந்த எல்லைக்கு மேலே செயற்கைக்கோள்களின் இடம். பதினாலாம் சேனலின் நடுப்புள்ளி 2484. அதாவது அதன் ஒரு கால் வேலிக்கு அந்தப் பக்கம். ஜப்பானில் மட்டும், அதுவும் பழைய வகைக் கருவிகளுக்கு மட்டும், அதை அனுமதித்திருக்கிறார்கள். நம்மிடம் அது காலியாகத் தெரிந்ததற்குக் காரணம் அங்கே யாரும் இல்லை என்பதல்ல. அங்கே இருப்பவர் மிக மெல்லிய குரலில் பேசுகிறார். வானத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்து வரும் கிசுகிசுப்பு அது. அதன் காதருகே, ஒரு சாண் தூரத்தில், சக்தி கூட்டிய வைஃபை பெட்டி அடுத்த படகைத் தேடி ஓயாமல் கத்துகிறது. கிசுகிசுப்பு கேட்குமா?

கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் பெட்டியில் கோடு நிற்கவில்லை என்று நான்கைந்து பேர் வந்தார்கள். கழற்றிக் கொண்டுவந்தால் கடையில் நான்கு கோடும் நிற்கும். திரும்ப மாட்டினால் போய்விடும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முடிவாயிற்று. ஆன்டெனாவில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டினார்கள்.

நவம்பர் இரண்டாம் வாரம் புயல் உருவாகிக் கடல் கெட்டது. அந்த இருபத்துமூன்றில் பத்துப் படகுகள் வெளியே இருந்தன. கரை திரும்பச் சொல்லி எல்லாப் பெட்டிகளுக்கும் செய்தி போயிற்று. ஒரு படகு மட்டும் அதைத் தன் பெட்டியிலேயே பார்த்துவிட்டு முதல் ஆளாகத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அது ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவரான சோமசேகரனின் படகு. பஞ்சநாதனுக்கு அவர் மச்சான். இன்னும் எட்டுப் படகுகளை நாகப்பட்டினத்துப் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். பத்தாவது படகு வயர்லெஸ்ஸுக்கும் எட்டாத தூரத்தில் வலை விட்டுக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவன் முத்தமிழின் தம்பி மணிவேல்.

ஒன்றரை நாள் கழித்து அவன் வந்து சேர்ந்தான். படகில் இருந்த செந்தில்குமார் என்ற இருபத்தாறு வயது இளைஞனை அலை தூக்கி, வலை இழுக்கும் வின்ச்சில் அடித்திருந்தது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவனைக் கட்டிலோடு இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மணிவேல் இன்ஜினை அணைத்தான். அணைத்த சில நிமிடத்தில் கம்பத்தில் கட்டியிருந்த செயற்கைக்கோள் பெட்டி கீச்சிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் ஒரே செய்தி: உடனே கரை திரும்பவும்.

கரையில் நின்று முத்தமிழ் அதைப் பார்த்தாள். இன்ஜின் நின்றால் வைஃபை பெட்டிக்கு மின்சாரம் போய்விடும். செயற்கைக்கோள் பெட்டிக்குச் சொந்த பேட்டரி உண்டு.

மறுநாள் நண்பகலில் படகைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியிடம் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் கால் வைத்தாள்.

"அக்கா, ஏறாத. யாராச்சும் பாத்துட்டா வெனயாப் போயிடும்."

"முழுகிடுமா? கட்டித்தானே கெடக்கு. நோட்டயும் பேனாவயும் எடுத்துக்கிட்டு ஒக்காரு. நான் சொல்றத எழுது."

முப்பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகப் படகில் நின்றாள். தம்பியை இன்ஜினைப் போடச் சொன்னாள். முதலில் எலுமிச்சையைக் கழற்றினாள், கட்டினாள், பத்துமுறை. கோடுகளில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு வயரைப் பிடுங்கி வைஃபையை அணைத்தாள், திரும்பச் செருகிப் போட்டாள், பத்துமுறை. அணைத்தால் நான்கு கோடு. போட்டால் ஒன்றுமில்லை. பத்துக்குப் பத்து. அதற்குப் பிறகு பதினாலை ஆறாக மாற்றி, சக்தியைக் குறைத்து, செயற்கைக்கோள் பெட்டியை அவிழ்த்து முன்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். இரண்டும் ஒன்றாக வேலை செய்தன.

"எலுமிச்சம்பழம் பாவம்," என்றான் மணிவேல். "அத ஏன் இத்தன நாளா கட்டித் தொங்கவிட்டோம்?"

அவள் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, காலியாக விட்டிருந்த முதல் பக்கத்தில் எழுதினாள்: 'இருபத்துமூன்று பெட்டியிலும் சேனல் 14. வைத்தது நான்தான்.' நேர்மையானவர்கள் கணக்கை இப்படித்தான் தொடங்குவார்கள். அந்த வரி யார் கைக்குப் போகும் என்று யோசிக்க மாட்டார்கள்.

அவள் முதலில் கூப்பிட்டது பஞ்சநாதனை. அரை மணி நேரத்தில் பைக்கில் வந்தான். நோட்டை நின்றபடியே முழுக்கப் படித்தான்.

"இது வெளில போனா கம்பெனி மட்டும் மாட்டாது. படிவத்துல கையெழுத்து ஒன்னோடது."

"அதுக்குத்தான் ஒன்னய கூப்புட்டேன். எல்லாப் படகுலயும் மாத்தணும் பஞ்சு. அடுத்த தடவ கடல் கெட்டா?"

"மாத்திடுறேன். நோட்ட கொடு, மேல காட்டணும். ஒரு வாரம். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தெறக்காத. என்ன நம்பு."

கொடுத்துவிட்டாள். படம் எடுத்து வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "ஒரே மேசையில ஒக்காந்து படிச்சவன்கிட்ட நோட்ட கொடுக்குறப்ப போட்டோ புடிச்சுக்கிட்டா கொடுப்பாங்க?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

ஒரு வாரத்தில் வந்தது மாற்றமல்ல, கடிதம். கம்பெனி ஊர்ப் பஞ்சாயத்துக்கு எழுதியிருந்தது. உங்கள் ஊர்த் தொழில்நுட்பாளர் எங்களைக் கேட்காமல் தவறான சேனலை வைத்துவிட்டார், அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் கைப்பட எழுதிய பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறோம். இணைத்திருந்தது முதல் பக்கம் மட்டும். பத்துக்குப் பத்து இருந்த பக்கங்களைக் காணோம். கடைசிப் பத்தியில், அம்மன் கோயில் திருமண மண்டபத்துக்கு இலவச வைஃபை தருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

பஞ்சாயத்து அந்த மண்டபத்திலேயே கூடியது. பெண்கள் உள்ளே உட்காரும் வழக்கமில்லை. தன்மேல் நடக்கும் விசாரணையை முத்தமிழ் சன்னல் கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள்.

"பெட்டி வெவகாரத்த கம்பெனி பாத்துக்கும்," என்றார் தலைவர். "நம்ம கேக்க வேண்டியது ஒண்ணுதான். நீ படகுல ஏறினியா இல்லியா?"

"ஏறினேங்க. ஏறுனதாலதான் என்ன தப்புன்னு தெரிஞ்சிது. இப்பவும் ஒரு படகு இன்ஜின போடச் சொல்லுங்க. அஞ்சு நிமிசத்துல காட்டுறேன்."

"ஏறினியா?"

"ஏறினேன்."

சோமசேகரன் தொண்டையைச் செருமினார். "அதானே. கடல் ஏன் கெட்டுச்சுன்னு இப்பத்தான் வெளங்குது."

"கடல் கெட்டதுக்கு அப்பறம்தான் மாமா நான் ஏறினேன். தேதியாவது சரியாச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மணிவேலைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த தம்பி, பத்துக்குப் பத்தைத் தன் கையால் எழுதியவன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்கா ஏறுனது தப்புதாங்க." ஊரை எதிர்த்துப் பேசினால் அவனுக்கு எந்தப் படகிலும் வேலை கிடைக்காது, அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்திருப்பதால் வலி குறைவதில்லை.

தீர்ப்பு: முத்தமிழ் ஒரு வருடம் துறைமுகத்துக்குள் வரக்கூடாது. ஊரில் யாரும் அவளிடம் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. மணிவேலின் படகுக்கு மஞ்சள்நீர் தெளித்தார்கள். பதினாலாம் சேனலுக்கு எதுவும் தெளிக்கவில்லை. அது அப்படியே கத்திக்கொண்டிருக்கிறது. மணிவேலின் படகில் அவள் ஆறாக மாற்றியதைக்கூடக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து பழையபடி பதினாலாக்கிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அவள் போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் மணிவேல். கூடவே ஒரு சொல்லும் இல்லை. சோமசேகரனின் படகில் ஓட்டுநர் அறைக்குள், வைஃபை பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு சுவிட்ச். மற்ற இருபத்திரண்டு படகுகளில் அப்படி ஒன்று கிடையாது. சுவிட்சுக்கு மேலே வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, நீல மையில் எழுதியிருந்தது: 'கரை மறைஞ்சதும் ஆஃப் பண்ணிடு.'

அந்த எழுத்தை அவள் இரண்டு வருடப் பதிவேட்டில் பார்த்தவள். 'ண்' எழுதும்போது கடைசிச் சுழியைப் பஞ்சநாதன் எப்போதும் கீழே இழுத்துவிடுவான்.

அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தொடக்கத்திலேயே தெரிந்திருக்கிறது. மச்சான் படகுக்கு மட்டும் சுவிட்ச் வைத்துக் கொடுத்திருக்கிறான். மற்றவர்களுக்கு அவள் கையெழுத்தை வைத்திருக்கிறான்.

அவனுக்கு அவள் போன் செய்தாள். "அந்தச் சுவிட்ச எல்லாப் படகுலயும் வச்சிருந்தா செந்தில்குமாரு நடந்துக்கிட்டு இருப்பான், பஞ்சு." "எனக்குப் புள்ளக்குட்டி இருக்கு முத்தமிழு," என்றான். வைத்துவிட்டான். மறுநாள் அந்தப் பிளாஸ்டர் சுவிட்சின் மேல் இல்லை. படத்தைக் காட்டியபோது, "யாரு வேணா எழுதி ஒட்டலாம்" என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவள் அரசு அலுவலகங்களுக்கும் எழுதினாள். மீன்பிடிப்பைப் பார்ப்பவர்கள் வைஃபை அலை எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அலையைப் பார்ப்பவர்கள் கேட்ட முதல் கேள்வி, காரைக்கால் எந்த மாநிலம் என்பது. நான்கு பக்கமும் வேறு மாநிலமோ கடலோ சூழ்ந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. புகார் எண் ஒன்று கையில் இருக்கிறது. ஆள் வரவில்லை.

வந்தது ஒரே ஒருத்தி. செந்தில்குமாரின் தாய் ராஜம். சாபம் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து முத்தமிழ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஒக்காரச் சொல்ல மாட்டியா?" என்றாள் ராஜம். "எல்லாரும் அம்மன் கோவம்ங்கிறான். அம்மனுக்கு எம்புள்ள மேல என்ன கோவம்? நடந்தத எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

முத்தமிழ் தன் வீட்டு வைஃபையையும் பழுதான ஒரு பழைய செயற்கைக்கோள் பெட்டியையும் வைத்து ஒரு மணி நேரம் சொன்னாள். ராஜம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "கையெழுத்து ஏன் போட்ட?"

"நம்பிட்டேன், அத்த."

"சரி. நானுந்தான் நம்பி அனுப்புனேன்." எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "இன்னும் எத்தன படகுல இருக்கு அந்தச் சனியன்?"

"இருபத்திரண்டு. சோமசேகரன் மாமா மட்டும் அணச்சுக்குவாரு."

துறைமுகம் தனக்கு மூடப்பட்டதால் முத்தமிழ் இப்போது ஸ்கூட்டரில் வரிச்சிக்குடி, குரும்பகரம் போன்ற வயல் ஊர்களுக்குப் போய் வீடுகளுக்கு வைஃபை மாட்டுகிறாள். ஒவ்வொரு பெட்டியிலும் முதலில் நாட்டின் பெயரைப் பார்க்கிறாள். படிவத்தில் தான் செய்யாத வேலை இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். வயல் வீட்டுக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

நான் இதை எழுதுவது மே மாதக் கடைசியில். மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் ஏறிச் சாயம் பூசிக்கொண்டிருக்கின்றன. ஜூன் பதினைந்தில் எல்லாம் கடலுக்குள் இறங்கும், அந்த இருபத்திரண்டும் சேர்த்து. முத்தமிழுக்குத் தன் பெயர் மீள்வதைவிட அந்தத் தேதிதான் பெரிதாக இருக்கிறது. "என்னய வேணா ஆயுசுக்கும் தள்ளி வைக்கட்டும். அதுக்குள்ள யாராச்சும் பெட்டிய மட்டும் மாத்திடட்டும்" என்றாள்.

அந்தத் துறைமுகத்தில் உங்களுக்கு ஒரு தம்பி, ஒரு மாமன், ஒரு மகன் இருந்தால் அவனிடம் இன்றே பேசுங்கள். இன்ஜினைப் போட்டு, வயரைப் பிடுங்கி வைஃபையை ஒருமுறை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அணைத்ததும் செயற்கைக்கோள் பெட்டியில் கோடுகள் ஏறினால், அணைத்ததை அணைத்தபடியே விட்டுவிட்டு, வைஃபை பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு முத்தமிழ் வீட்டுக்கு வாருங்கள். ஊர்த் தடை இருப்பது தெரிந்தே, பகலிலேயே, தெரு பார்க்க வாருங்கள். உங்களுக்கு முன்னால் ராஜம் அங்கே உட்கார்ந்திருப்பாள்.